பதினேழாம் குழாயும் கோட்டுக்காரியும்

என் நாத்தனாரின் தொழில் கோடு போடுவது. ஓவியம் வரைபவள் அல்ல, சாலையில் வெள்ளைக் கோடு இழுப்பவளும் அல்ல. ஓர் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில், சூடு ஏறாமலும் இறங்காமலும் காக்கப்படும் ஒரு சின்ன அறையில், விரல் பருமனுள்ள கண்ணாடிக் குழாய்களின்மேல் தினமும் காலை பத்து மணிக்குக் கறுப்பு மையால் ஒரு மெல்லிய கோடு போடுவாள். குழாய்க்குள்ளே ஒரு பூஞ்சை படுத்தவாக்கில் முன்னேறிக்கொண்டிருக்கும். நேற்று அதன் முனை எங்கே நின்றது, இன்று எங்கே வந்திருக்கிறது என்பதற்குத்தான் கோடு. பதின்மூன்று வருடத்தில் அவள் போட்ட கோடுகளை வரிசையாக ஒட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவள் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தாள். ரயில் நிலையம் வரைதான் வந்தது. அதற்கு அப்புறமும் நான் நிலா என்றுதான் சொல்லி வருகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கோட்டுக்காரி என்றே பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். கோபம் வராது.

அந்தப் பூஞ்சை குதிரைச் சாணத்தில் பிறக்கும் சாதி. பிறப்பு அப்படியிருந்தாலும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தங்கத் தட்டில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மற்றப் பூஞ்சைகளுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் கேட்பாரில்லாமல் வளர்ந்துகொண்டே போகும். இதற்கு மட்டும் மூப்பு வரும், நம்மைப் போல. ஒரு நாளைக்கு ஏழு மில்லிமீட்டர் வீதம் வெள்ளை வெளேரென்று ஓடும். ஓடி ஓடி இருபத்தைந்தாம் நாள் வாக்கில் முனை பழுப்பேறும், இழைகள் முறுக்கிக்கொள்ளும். மறுநாள் கோடு போடப் போனால் நேற்றுப் போட்ட இடத்திலேயே விழும். அப்படி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விழுந்தால் என் நாத்தனார் நோட்டில் 'நின்றது' என்று எழுதுவாள்.

"செத்துப்போச்சுன்னு எழுதினா என்ன? அது என்ன சொந்தக்காரனா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தெனம் போய்ப் பாக்கறேன் அண்ணி. சொந்தக்காரங்களையே நான் அப்படிப் பாக்கறதில்ல."

ஏன் நிற்கிறது என்பதை அவள் எனக்கு அடுப்படியில் வைத்து விளக்கினாள். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன. உயிரோடு இருக்க வேண்டிய சூடு அங்கேதான் கிளம்புகிறது. பெரிய டி.என்.ஏ. புத்தகம் நடுவே உட்கருவில் பத்திரமாக இருக்க, இந்த அடுப்புகள் தங்களுக்கென்று ஒரு சின்னக் குறிப்பேட்டை, ஒரு துண்டு டி.என்.ஏ.வை, இடுப்பில் செருகி வைத்திருக்கும். இந்தப் பூஞ்சையில் அந்தக் குறிப்பேட்டின் ஒரு பத்தி மட்டும் நாளடைவில் கழன்று, வளையமாகச் சுருண்டு, தன்னைத்தானே நகலெடுக்கத் தொடங்குகிறது. ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, கடைசியில் குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதே பத்தி. சமையல் குறிப்பு முழுக்க 'உப்புப் போடு, உப்புப் போடு' என்றே எழுதியிருந்தால் சமையல் எப்படி நடக்கும்? அடுப்பு அணைகிறது. பூஞ்சை நிற்கிறது.

"அந்தக் குறிப்பேடு யார் குடுத்தது?"

"அம்மா. முழுக்க முழுக்க அம்மா வழி. அப்பாகிட்டேருந்து அதுல ஒரு எழுத்துகூட வராது."

இதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்த என் மாமியார் அன்றைக்கு முழுவதும் நிமிர்ந்தே நடந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். குழாய்கள் சிறியவை. பூஞ்சை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விட்டால், முன்பகுதியிலிருந்து அரிசி மணி அளவு வெட்டி அடுத்த குழாயில் வைக்க வேண்டும். எண் மட்டும் மாறாது. முதலாம் எண், இரண்டாம் எண் என்று எல்லாம் இரண்டாவது குழாய்க்குள்ளேயே ஆட்டம் முடித்துக்கொள்ளும். அந்த வருடம் பதினேழாம் எண் இருபத்தைந்தாம் நாளும் நடந்தது. முப்பதாம் நாளும் நடந்தது. கொஞ்சம் மெதுவாக, நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம், கைத்தடி ஊன்றி நடக்கிற பெரியவர் மாதிரி. ஆனால் நடந்தது. மூன்றாவது குழாய், நான்காவது குழாய் என்று மாறி எழுபதாம் நாளைத் தொட்டபோது அவள் கூடத்துத் தலைவியிடம் போய்ச் சொன்னாள். தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் இரண்டு மாத வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நான் வர்ற வரைக்கும் அவர் பாத்துப்பார்" என்று உதவிப் பேராசிரியரைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

உதவிப் பேராசிரியருக்கு அங்கே டவுட்டு என்று பெயர். கெட்டவர் இல்லை. தேநீர் கொடுத்தால்கூட இது தேநீர்தானா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுக் குடிப்பவர், அவ்வளவுதான். அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நோட்டைப் புரட்டினார்.

"எழுபது நாளா?"

"ஆமா சார்."

"ஒவ்வொரு தடவையும் நீங்கதானே மாத்தி வச்சீங்க?"

"நான்தான்."

"பக்கத்து ஸ்டாண்டுலதான் இளசு குழாய்ங்க இருக்கு. வெட்டும்போது அதுலேருந்து எடுத்திருப்பீங்க. புதுசு வச்சா புதுசாத்தான் ஓடும்."

"கை தவறலீங்க சார்."

"ஒரு தடவைன்னா தவறுன்னு சொல்லலாம். எழுபது நாள் ஓட்டணும்னா ரெண்டு தடவையாவது அப்படி எடுத்திருக்கணும். ரெண்டு தடவை தவறினா அதுக்குப் பேரு வேறம்மா."

அந்த 'வேற' என்ற சொல்லைத்தான் என் நாத்தனார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய பதின்மூன்று நோட்டுகளையும் டவுட்டு தம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். பதினேழில் பொய் எழுதிய கை மற்றதில் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். பொய் என்று ஆகிவிட்டால் பதின்மூன்று வருடக் கோடும் குப்பைக்குப் போகும். அவள் கீழ்த்தளத்தில் பாட்டில் கழுவும் அறைக்குப் போவாள்.

"பாட்டில் கழுவறது ஒண்ணும் கேவலம் இல்லையே" என்றார் அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு ஒன்றுதான்.

"கழுவறதுக்கு நான் எப்பவும் ரெடி. பொய்க்காரின்னு சொல்லிக் கழுவச் சொல்றாரே, அதான்."

டவுட்டு முறையானவர். சாட்சியம் கெடக் கூடாது என்று பதினேழைக் குளிர்பெட்டியில் வைத்தார். குளிரில் பூஞ்சை வளராது, அதற்கு வயதும் ஆகாது. பிறகு ஒரு சோதனை வைத்தார். நிஜமாகவே நீண்ட ஆயுள் என்றால் அது பிள்ளைகளுக்குப் போக வேண்டும். உட்கருவில் எழுதியிருந்தால் பாதிப் பிள்ளைகளுக்காவது போகும். போகவில்லை என்றால் பதினேழு சாதாரணப் பூஞ்சை, கோட்டுக்காரி கோல்மால்காரி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பூஞ்சையில் ஆண் தனி, பெண் தனி என்று கிடையாது. ஒரே ஆள் அம்மாவாகவும் இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம், அன்றைக்கு யார் எந்த வேலை பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அப்பா வேலை சுலபம். மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசினால் பொடிப் பொடியாக ஆண் அணுக்கள் வரும். அந்தத் தண்ணீரை இன்னொரு பூஞ்சையின் தட்டில் ஊற்றிவிட்டுப் போய்விடலாம். அம்மா வேலைக்கு அகலத் தட்டில் வளர வேண்டும், சூல் பிடிக்க வேண்டும், காய்க்க வேண்டும். உலகம் முழுக்க இதே கதைதான் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு மாதத்துக்குமேல் ஆனது. டவுட்டு வளர்த்த இருபது பிள்ளைகளும் இருபத்தைந்தாம் நாளை ஒட்டி, சொல்லிவைத்தாற்போல் நின்றன. பதினேழை வெள்ளிக்கிழமை கொதிகலத்தில் போட்டு அழித்துவிடுவதென்று முடிவானது. மேடம் திரும்பி வருவது வியாழன்.

அடுத்து நடந்ததை நான் இரண்டு விதமாகச் சொல்வேன். விருந்தாளிகளுக்குச் சொல்லும்போது இப்படி: இரவுச் சாப்பாட்டில் என் மாமியார், "எங்க அம்மா வழியில எல்லாரும் தொண்ணூறு தாண்டினவங்க. உங்க அப்பா வழியில அறுபதைப் பாத்தவங்களே கிடையாது" என்று பெருமை பேச, என் நாத்தனார் கையில் எடுத்த கவளத்தோடு எழுந்து நின்று, "கிடைச்சுடுச்சு!" என்று கத்தினாள். நன்றாக இருக்கிறது அல்லவா? நடந்தது வேறு. புதன்கிழமை பேருந்து நிறுத்தத்தில், டவுட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த முடிவுத்தாளின் நகலை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டு நின்றாள். தாளில் இருபது வரி. ஒவ்வொரு வரியிலும் 'தாய்: சாதாரணம். தந்தை: பதினேழு.' இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டாள். மூன்றாவதில் ஏறி, வீட்டுக்கு வராமல் மறுபடி ஆய்வுக்கூடத்துக்கே போனாள்.

டவுட்டு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், பதினேழை அப்பாவா மட்டும்தானே வச்சீங்க?"

"ஆமா. அம்மாவா வச்சா சரியா காய்க்க மாட்டேங்குது. அதனால என்ன?"

"மைட்டோகாண்ட்ரியா அப்பாகிட்டேருந்து வராதே சார்."

டவுட்டு பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அது உட்கருவுலதான் இருக்கும்னு நான் எடுத்துக்கிட்டேன்" என்றார் மெதுவாக.

"அது இல்லாத வீட்டுல போய்த் தேடிட்டு, பொருளே இல்லன்னு நீங்க சொல்லிட்டீங்க சார்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாளாம். பதின்மூன்று வருடத்தில் அவரிடம் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

ஆனாலும் டவுட்டு டவுட்டுதான். "அம்மாவா வச்சுப் பாத்தும் பிள்ளைங்க நின்னுடுச்சுன்னா?"

"நானே போய்ப் பாட்டில் கழுவறேன்."

வியாழக்கிழமை மேடம் வந்தார். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டார். பதினேழு சாதாரணப் பூஞ்சையாக இருந்தால் யார் அம்மா, யார் அப்பா என்றாலும் பிள்ளைகள் நிற்கும். பதினேழு அம்மாவாக இருக்கும்போது மட்டும் பிள்ளைகள் நடந்தால், ஆயுள் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் இருக்கிறது, கோட்டுக்காரியும் உண்மைக்காரி. குழாய் மாற்றுவது டவுட்டு, கோடு போடுவது என் நாத்தனார் என்று ஏற்பாடு. இருபத்தெட்டாம் நாள் பதினொரு மணிக்கு மூவரும் இதற்கென்று போட்ட புது நோட்டைப் பார்ப்பது. பழைய நோட்டுகள் அதுவரை டவுட்டின் பூட்டுக்குள்தான்.

பதினேழு அம்மாவாவதற்குப் பண்ணிய அலட்டலை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். மற்றத் தட்டுகளில் ஒரே வாரத்தில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புக் குப்பிகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். அவைதான் காய். பழுத்ததும் வித்துகளை மேல்நோக்கித் துப்பும், தட்டு மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும். பதினேழின் தட்டில் ஒரு வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் நான்கே நான்கு குப்பிகள். என் நாத்தனார் வாயில் ஈ புகுந்தாலும் தெரியாமல் உருப்பெருக்கியில் குனிந்தே கிடந்தாள். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு.

"இன்னிக்கு எப்படி இருக்கா?" என்று மாமியார் கேட்பார், பிரசவ வார்டில் விசாரிப்பதைப் போல.

"ஒரு குப்பி வாயைத் திறந்திருக்கும்மா."

கடைசியில் மூடியில் ஒட்டிய வித்துகளில் முளைத்தது பதினொன்று. பதினொரு குழாய்கள், ஒன்று முதல் பதினொன்று வரை எண்.

இருபது நாள் எல்லாம் நடந்தன. இருபத்தைந்தும் தாண்டியது. பக்கத்து ஸ்டாண்டில் துணைக்கு வைத்த சாதாரணக் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறி நிற்க, இந்தப் பதினொன்றும் அசராமல் ஐந்து ஐந்து மில்லிமீட்டராக நகர்ந்தன. என் நாத்தனார் முகத்தில் ரத்தம் திரும்பியது. இருபத்தாறாம் நாள் எங்கள் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். அதில் சர்க்கரைக்குப் பதில் வேறு எதையோ போட்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை.

இருபத்தேழாம் நாள் காலை ஆறாவது குழாயின் கோடு முந்தின நாள் கோட்டின் மேலேயே விழுந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். முனை பழுப்பு. இருபத்தெட்டாம் நாள் பத்து மணிக்கும் அதே இடம்.

பதினொரு மணிக்குக் கூட்டம். அவள் அறைக்கு வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ ஒன்பதாம் மாடியில் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கேபிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு நின்னுடுச்சுங்க."

"எத்தனைல?"

"பதினொண்ணுல."

"சரி, கேளு. அது கண்ணாடிதானே? கையிலேருந்து வழுக்கும் இல்ல? இதுவரைக்கும் எத்தனை ஒடச்சிருப்ப?"

"வருஷத்துக்கு ஏழெட்டு."

"அப்ப இன்னிக்கு எட்டாவது. பத்து இருந்துச்சு, பத்தும் நடக்குது. முடிஞ்சுது கதை."

"யாருக்கும் தெரியாதுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

"எனக்குத் தெரியுமே."

லிஃப்ட் மேலிருந்து ஒரு பெருமூச்சு வந்ததாம். "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு அளவுகோலைக் கட்டியிருக்கலாம்" என்றார். பிறகு, "போ, போய்க் குடுத்துட்டு வா. சாயந்தரம் வர்றேன், ரெண்டு பேருமா பாட்டில் கழுவலாம்" என்று வைத்துவிட்டார்.

அவள் நோட்டில் ஆறாம் எண்ணுக்கு நேரே 'நின்றது' என்று எழுதினாள். குழாயை எடுத்து, கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராக டவுட்டின் அறைக்குப் போனாள். கூட்டத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"சார், ஆறு நின்னுடுச்சு."

டவுட்டு குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அளவுகோல் வைத்தார். உருப்பெருக்கியில் வைத்தார். சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"இதை ஏன் இப்பவே கொண்டாந்தீங்க?"

"நின்னுடுச்சே சார்."

"கீழ போட்டிருக்கலாமே."

"என் வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு."

டவுட்டு சிரித்தார். அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் அவருடைய பல்லைப் பார்த்ததில்லை. முப்பத்திரண்டும் இருந்தன என்று என் நாத்தனார் சாட்சி சொல்கிறாள். நான் முப்பத்தாறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டத்தில் அவர்தான் முதலில் பேசினார். "மேடம், கட்டி எழுதற கையா இருந்தா இன்னிக்குப் பதினொண்ணும் நடந்திருக்கும். இல்ல, பத்துக் குழாய்தான் மேசைக்கு வந்திருக்கும். நின்னதை எழுதி, அதைத் தூக்கிட்டு எங்கிட்டயே வந்து நிக்கறாங்க. எழுபது நாள் ஓடிச்சுன்னு இந்தக் கை எழுதினா ஓடிச்சு. தப்பு என்னோடது. அப்பனை வச்சுக்கிட்டு நான் தீர்ப்பு சொல்லிட்டேன்."

"ஆனா இது ஏன் சார் நின்னுது?" என் நாத்தனாருக்கு அதுதான் கவலை.

மேடம் ஆறாம் குழாயைக் கையில் எடுத்து உருட்டினார். "பதினேழுகிட்ட ரெண்டு விதக் குறிப்பேடும் கலந்து இருக்கலாம். கழண்டு ஓடற பத்தி உள்ளது கொஞ்சம், அது இல்லாதது நிறைய. பிள்ளைக்கு வாரிக் குடுக்கும்போது அம்மா எண்ணிப் பாத்தா குடுக்குறா? பத்துக்கு நல்லது போயிருக்கு. இதுக்குப் பழசு அதிகமா வந்து சேந்திருக்கு. டி.என்.ஏ.வைப் பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்." இன்னும் இரண்டு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறாவதில் அந்த வளையத் துண்டு மண்டிக் கிடந்தது. மற்றப் பத்திலும் தேடித் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் இந்தக் கதையை அவள் எங்களுக்குச் சொன்னபோது என் மாமியார் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"நின்னுபோனது பையனா?"

எல்லோரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தட்டைப் பார்த்தார்.

"அதுங்களுக்குப் பையன் பொண்ணு கிடையாதும்மா" என்றாள் என் நாத்தனார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான்டா குடுத்தேன்" என்றார் மாமியார் மகனிடம், கேட்காத கேள்விக்கு. "நீ எங்கேயாவது கீழ போட்டிருப்ப."

மறுநாள் காலை அவள் போனபோது பதின்மூன்று நோட்டுகளும் அவளுடைய மேசையில் இருந்தன. டவுட்டு தாமே சுமந்து வந்து அடுக்கியிருந்தார், வருட வரிசையில்லாமல். அவள் அதைச் சரிசெய்தாள். பத்து மணி அடித்தது. பேனாவின் மூடியைத் திறந்து, பத்துக் குழாய்களுக்கும் கோடு போட்டாள். ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது, ஒன்றைத் தவிர. அது ஐந்தரை.